கிண்டிக் காட்டை அதன் போக்கில் விட்டுவிட்டால் என்ன?

கிண்டி தேசியப் பூங்காவைச் சுற்றி மதில் இருக்கிறது, சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது, முன் அனுமதியின்றி யாரும் காட்டுக்குள் நுழைய முடியாது. அப்படியிருக்க அங்கே அன்றாடம் நிர்வகிக்க என்ன இருக்கிறது, காட்டை அதன் போக்கில் விட்டுவிட்டால் தானாகவே செழித்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆயிரம் சதுர கிலோமீட்டர் காட்டைப் பற்றிக் கேட்டிருந்தால், பெருமளவுக்கு ஆம் என்றே பதில் சொல்லியிருப்பேன். கிண்டியைப் பொறுத்தவரை இல்லை என்பதே பதில். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அளவைப் பாருங்கள். கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர். நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் அது ஒன்று. இந்தப் பரப்பை ஒரு முழு வட்டமாக எண்ணிக் கணக்கிட்டால் அதன் ஆரம் ஒரு கிலோமீட்டர்கூட வராது. காட்டின் நட்டநடுவில் நிற்பவருக்கும் ஏதாவது ஒரு பக்கத்தில் சாலையோ கட்டடமோ பத்துப் பன்னிரண்டு நிமிட நடைத் தொலைவில்தான் இருக்கும். ஓரத்தில் நூறு மீட்டர் அகலத்துக்கு மட்டுமே தெருவிளக்கின் ஒளியும், வாகன இரைச்சலும், குப்பையும், நாய்களும், வெளியிலிருந்து வரும் விதைகளும் பாதிப்பை உண்டாக்குவதாக வைத்துக்கொண்டாலும், அந்த வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஓரமாகவே போய்விடும். உண்மையில் பூங்கா வட்டமாக இல்லை. அதன் எல்லை பல இடங்களில் உள்ளொடுங்கியும் வெளிநீண்டும் கிடக்கிறது, ஆகவே ஓரத்தின் பங்கு இன்னும் கூடுதல். பெரிய காட்டில் ஓரத்தில் நடக்கும் பிழையை நடுக்காடு தாங்கிக்கொள்ளும். கிண்டியில் அப்படித் தாங்கிக்கொள்ள நடுக்காடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

இவ்வளவு சிறியதாக அது எப்போதும் இருந்ததில்லை. ஆங்கிலேயர் ஒருவரின் தோட்ட மாளிகையோடு சேர்ந்திருந்த இந்த நிலத்தை அரசு 1821இல் வாங்கியது. அது ஆளுநரின் புறநகர் இல்லமாயிற்று, 1910இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. அப்போது ஐந்நூறு ஹெக்டேருக்கு மேல் இருந்த காட்டிலிருந்து, 1959இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பெரும்பகுதி பிரிந்தது. காந்தி மண்டபம், இராஜாஜி, காமராசர் நினைவிடங்கள், சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை ஆகியவற்றுக்கும் சிறிது சிறிதாக நிலம் போயிற்று. எஞ்சியது 1978இல் தேசியப் பூங்கா ஆயிற்று. ஆளுநர் மாளிகை வளாகம், தொழில்நுட்பக் கழக வளாகம், பூங்கா மூன்றும் இன்று மூன்று நிர்வாகங்களின் கீழ் இருந்தாலும், இயற்கையைப் பொறுத்தவரை அவை ஒரே காட்டின் மூன்று துண்டுகள். காகிதத்தில் உள்ள எல்லையை மான்கள் அறியாது.

அந்தக் காடு எந்த வகையைச் சேர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதன் பிரச்சினைகளைப் புரிந்துகொள்ள முடியாது. சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு அது. வானைத் தொடும் மரங்கள் அதில் இல்லை. தடித்த சிறிய இலைகளோடு நெருங்கி வளரும் குருந்து, காரை, கொஞ்சி போன்ற குறுமரங்களும் புதர்களும், ஊடே பனையும் வேம்பும், இடையிடையே புல்திடல்களும் கொண்ட நிலம். வடகிழக்குப் பருவமழையில் மூன்று மாதம் நனைந்து, ஆண்டின் பெரும்பகுதியை வறட்சியில் கழிப்பதற்குப் பழகிய தாவரங்கள் இவை. இந்தக் கரையோரத்தில் இவ்வகைக் காடு ஏறத்தாழ அழிந்து, கோயில் காடுகளாகவும் சிறு துண்டுகளாகவுமே மிஞ்சியிருக்கிறது. சென்னையின் நடுவில் இவ்வளவு பெரிய துண்டு தப்பியது, ஆளுநரின் வேட்டைக்கும் உலாவுக்கும் என்று அது ஒதுக்கி வைக்கப்பட்டிருந்ததால்தான்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். கிண்டியின் மிக முக்கியமான உயிரினம் எது என்று என்னைக் கேட்டால் வெளிமான் என்பேன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பைப் பெறும் முதல் அட்டவணையில் இடம்பெற்ற விலங்கு அது. தமிழ்நாட்டில் கோடியக்கரை, வல்லநாடு, சத்தியமங்கலத்தை ஒட்டிய மாயாற்றுப் பகுதி முதலிய சில இடங்களில் மட்டுமே இயல்பாகக் காணக்கூடியது. வெளிமான் கண்ணையும் காலையும் நம்பி வாழ்கிறது. தொலைவில் வரும் ஆபத்தைக் கண்டு, தடையில்லாமல் ஓடித் தப்புவதே அதன் உத்தி. ஆண் மான் திறந்த வெளியில் தனக்கென்று ஒரு வட்டாரத்தை வகுத்து, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கையிட்டு, அந்தப் புழுக்கைக் குவியலின் மேலேயே படுத்துத் தன் உரிமையைக் காட்டும். கிண்டியில் போலோ திடல் என்று அழைக்கப்படும் புல்வெளியில், முறுக்குக் கொம்பும் கறுத்த முதுகுமாக ஓர் ஆண், அப்படிப்பட்ட குவியலின் மேல் மணிக்கணக்காகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். சுற்றிலும் நூறு மீட்டருக்குக் கண் தெரியும் இடம் இல்லாவிட்டால் அந்த வாழ்க்கை முறையே நடக்காது. புதர் மண்டிவிட்டால், உயரமான வேலி எதுவும் இல்லாமலே வெளிமான் அங்கிருந்து விரட்டப்பட்டுவிடும்.

புல்வெளி தானாகவே புல்வெளியாக நீடிக்காது. முன்பு அக்கம்பக்கத்து ஊர்களின் மாடுகள் மேய்ந்தன, விறகுக்காகப் புதர் வெட்டினார்கள்; அது காட்டுக்குச் சேதம் என்பதில் ஐயமில்லை என்றாலும், திறந்தவெளியைத் திறந்தவெளியாக வைத்திருந்ததும் அதுவே. மதில் எழுந்து பாதுகாப்பு உறுதியான பிறகு குருந்தும் காரையும் மீண்டு வந்தன; அது மகிழ்ச்சிக்குரியது. கூடவே புல்வெளியின் விளிம்பிலிருந்து முட்செடிகளும் உள்ளே நகர்ந்தன. ஆகவே காட்டை அதன் போக்கில் விடுவது என்ற முடிவு, கிண்டியில் வெளிமானைக் கைவிடுவது என்ற முடிவாகவே போய் முடியும். புல்வெளியைச் சுத்தமாக வைத்திருக்கும் வேலையை யாராவது ஒவ்வோர் ஆண்டும் செய்தாக வேண்டும்.

இங்கேதான் நிர்வாகத்துக்குப் பொதுமக்களின் நல்லெண்ணமே சிக்கலாக மாறுகிறது. நகரத்தில் காடு என்றால் மரம், மரம் என்றால் நன்மை என்று எல்லோரும் நம்புகிறோம். திறந்த புல்வெளியைப் பார்த்ததும், "இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, மரக்கன்று நடக்கூடாதா?" என்று கேட்காத விருந்தினர் குறைவு. பிறந்தநாளுக்கும் நிறுவன விழாவுக்கும் கன்று நட அனுமதி கேட்டு வரும் கடிதங்களுக்கு மறுப்புச் சொல்வது வனத்துறை அலுவலர் ஒருவருக்கு எளிதான காரியம் அல்ல. கன்று நடுபவரோடு படம் எடுத்துக்கொள்ளலாம். முட்செடியைப் பிடுங்கிப் புல்லைக் காப்பாற்றியவருக்கு யாரும் மாலை போடுவதில்லை. இருந்தும் கிண்டியின் புல்வெளியில் நடப்படும் ஒவ்வொரு மரமும், அது வேம்பாகவே இருந்தாலும், வெளிமானுக்கு எதிரான மரம் என்பதை நாம் வெளிப்படையாகச் சொல்லத் தொடங்க வேண்டும்.

முட்செடி என்று சொன்னேன். அதில் முதலிடம் சீமைக்கருவேலத்துக்கு. அதை வெட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் அதன் இயல்பை அறியாதவர்கள். தரையோடு வெட்டிய தூரிலிருந்து அடுத்த மழையில் ஏழெட்டுக் கிளைகள் சேர்ந்து கிளம்பும். ஒற்றைத் தண்டாக இருந்தது அடர்ந்த புதராகிவிடும். வேர்க்கழுத்துக்குக் கீழே தோண்டி, தூரோடு எடுத்தால்தான் அந்த மரம் சாகும். ஜேசிபியை விட்டால் வேலை விரைவில் முடியும், ஆனால் கிளறப்பட்ட மண்ணில் மறைந்து கிடக்கும் விதைகளெல்லாம் ஒன்றாக முளைக்கும். பக்கத்தில் இருந்த புல்லின் வேரும் போய்விடும். அதனினும் பெரிய சிக்கல், இதன் இனிப்பான நெற்றுகளை மான்கள் விரும்பித் தின்பது. கோடையில் புல் காய்ந்துவிட்ட நேரத்தில் அந்த நெற்றுகள் அவற்றுக்கு உண்மையிலேயே உதவுகின்றன. பழைய புழுக்கையை உதிர்த்துப் பார்த்தால் உடையாத விதைகள் பளபளப்பாக உள்ளே இருக்கும். குடலைக் கடந்து வந்ததால் ஓடு இளகி, முளைப்பதற்கு முன்னிலும் தயாரான விதைகள். களையை விதைப்பது காப்பாற்றப்பட வேண்டிய விலங்கே என்னும்போது, ஒரே முறை ஒப்பந்தம் போட்டு அகற்றிவிட்டு வேலை முடிந்தது என்று கோப்பை மூட முடியாது. தூரோடு எடுத்த இடத்துக்கு அடுத்தடுத்த பருவமழைகளுக்குப் பின்னும் திரும்பிச் சென்று, மண் ஈரமாக இருக்கும் வாரங்களில் விரல் நீள நாற்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். அந்த வேலைக்கு இயந்திரம் தேவையில்லை. அதே ஆட்கள் ஆண்டுதோறும் வேண்டும். அயல் களைத் தாவரங்களை அகற்றுவதற்கென்று தமிழ்நாடு அரசு 2022இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. அகற்றுவதற்குப் பணம் ஒதுக்கப்படுகிறது. திரும்பிச் சென்று பிடுங்குவதற்குத் தொடர்ந்து ஒதுக்கப்படுகிறதா என்பதை வைத்தே அந்தக் கொள்கையை மதிப்பிட வேண்டும்.

அடுத்தது புள்ளிமான். கிண்டியைப் பற்றி எழுதும் பலர் மான்களை ஒட்டுமொத்தமாகச் சேர்த்துப் பேசிவிடுகிறார்கள். வெளிமானும் புள்ளிமானும் ஒரே தேவை உள்ளவை அல்ல. புள்ளிமான் பின்னாளில் கொண்டுவந்து விடப்பட்டது என்பதே பொதுவாக ஏற்கப்படும் கருத்து. காட்டோரத்திலும் நிழலிலும் வாழ்வதும், புல், தழை, உதிர்ந்த பழம் என்று கிடைத்ததையெல்லாம் உண்பதும் அதன் பலம். புதர் பெருகினால் அதற்கு இழப்பில்லை. எண்ணிக்கையில் அது வெளிமானைப் பல மடங்கு விஞ்சி நிற்கிறது. மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் மான்களைக் கட்டுக்குள் வைக்கச் சிறுத்தைகள் இருக்கின்றன. கிண்டியில் இருப்பது நரிதான், அது குட்டிகளை மட்டுமே எடுக்க வல்லது. ஆகவே புள்ளிமான் கூட்டம், உணவும் நீரும் அனுமதிக்கும் எல்லை வரை பெருகி, இளங்கன்றுகளைத் தலைதூக்கவிடாமல் கடித்து, பிறகு கோடையில் தானும் மெலிகிறது.

வேறு காட்டுக்கு மாற்றிவிடலாமே என்பது உடனே எழும் யோசனை. செய்யலாம், ஆனால் மான் இனத்தைப் பிடிப்பது அத்தனை எளிதல்ல. துரத்தப்பட்டும் வலையில் சிக்கியும் மிரண்ட மானுக்கு உடல் வெப்பம் ஏறி, தசைகள் சிதைந்து, பிடித்த அன்று நன்றாகத் தெரிந்த விலங்கு சில நாள்களில் விழுந்து இறக்கும். உலகெங்கும் வனவிலங்கு மருத்துவர்கள் அஞ்சும் நிலை இது. மயக்க ஊசியும் இந்த ஆபத்தை முழுக்க நீக்குவதில்லை. தீவனமிட்டுப் பழக்கி, புனல் வடிவில் குறுகும் அடைப்புக்குள் மெல்ல வரவழைத்து, கை படாமல் வண்டியேற்றும் போமா முறை இவற்றுள் நயமானது; அதற்கு வாரக்கணக்கில் பொறுமையும் ஆள்களும் வேண்டும். அப்படிக் கொண்டுபோய் விடும் இடத்தில் அந்த மான்கள் பிழைத்தனவா என்று பின்தொடர்ந்து பார்க்காவிட்டால், நகரத்தின் கண்ணிலிருந்து ஒரு சிக்கலை அப்புறப்படுத்தினோம் என்பதைத் தவிர வேறெதையும் சொல்லிக்கொள்ள முடியாது.

நாய்களைப் பற்றிப் பேசுவது மனக்கசப்பை உண்டாக்கும் என்று தெரிந்தே பேசுகிறேன். வெளிமான், புள்ளிமான் இரண்டுமே பிறந்த குட்டியைப் புல்லிலோ புதரிலோ மறைத்துவிட்டு மேயச் செல்லும். பாலூட்ட மட்டும் திரும்பி வரும். குட்டி அசையாமல் படுத்திருப்பதே அதன் பாதுகாப்பு. மோப்பத்தால் தேடும் நாய்க்கூட்டத்தின் முன் அந்தப் பாதுகாப்பு பயன்படாது. நரி இதே வேலையைத்தான் செய்கிறது என்றாலும், காட்டில் கிடைக்கும் இரைக்கு ஏற்பவே நரியின் எண்ணிக்கை அமையும். தெருநாய்க்குச் சோறு வெளியில் கிடைக்கிறது. குட்டிகள் தீர்ந்துபோனாலும் நாய்கள் குறையாது. வெறிநோயும் டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரி நோயும் நாயிடமிருந்து நரிக்கும் புனுகுப்பூனைக்கும் தொற்றக்கூடியவை. மதிலின் அடியில் மழைநீர் அரித்த ஓட்டை ஒன்று போதும். ஆகவே மதிலைச் சுற்றி நடந்து ஓட்டைகளைத் தேடி அடைப்பது காவலர்களின் அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது. பிடித்த நாயை என்ன செய்வது என்பதில் சட்டச் சிக்கல் தொடங்குகிறது. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன. தெருவுக்குப் பொருத்தமான அந்த விதி, வெளிமான் குட்டி ஈனும் புல்வெளிக்குப் பொருந்தாது. நாயைக் கொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மதிலுக்கு வெளியே சில கிலோமீட்டர் சுற்றளவில் கருத்தடையை முழுமையாக முடிப்பதும், இறைச்சிக் கழிவும் உணவுக் கழிவும் மதிலோரம் கொட்டப்படாமல் பார்ப்பதும், உள்ளே பிடிபட்டவற்றுக்குக் காப்பகம் அமைப்பதும் மாநகராட்சியும் வனத்துறையும் சேர்ந்து செய்ய வேண்டியவை. இரு துறைகளும் தனித்தனியாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் வரை இதற்குத் தீர்வு கிடையாது.

பிளாஸ்டிக்கின் கேடு எல்லோருக்கும் தெரிந்ததாக நினைக்கிறோம். இறந்த மானின் உடற்கூறாய்வை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தவருக்கு அந்த நினைப்பு மாறிவிடும். இரைப்பையைத் திறக்கும்போது, உப்பும் எண்ணெயும் ஒட்டிய உணவுப் பொட்டலங்களின் உறைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, கயிறும் நாரும் பின்னி, கையால் பிரிக்க முடியாத பந்தாக வெளியே வரும். இரைப்பையில் அந்தப் பந்து இடத்தை அடைத்துக்கொள்வதால், மான் வயிறு நிறைந்த உணர்வோடே பட்டினி கிடந்து மெலிகிறது. இது காட்டின் நடுவில் கிடைத்த குப்பை அல்ல. நினைவிடங்களுக்கும் சிறுவர் பூங்காவுக்கும் வந்து போகிறவர்களிடமிருந்தும், சர்தார் படேல் சாலையிலும் வேளச்சேரி சாலையிலும் ஓடும் வண்டிகளின் ஜன்னல்களிலிருந்தும், காற்றோடு மழைநீரோடு உள்ளே வருவது. 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை இருந்தும், தின்பண்டப் பொட்டல உறைகள் பறந்து வருவது நிற்கவில்லை. மதில் ஓரத்தில் வாரம்தோறும் பொறுக்கி எடுப்பதைத் தவிர இப்போதைக்கு வழியில்லை.

குரங்குக்கும் மானுக்கும் அன்போடு பிஸ்கட்டும் வாழைப்பழமும் கொடுப்பதும் இதே வகைத் தீங்குதான். நாட்டுக் குரங்குக் கூட்டம் ஒன்று மனிதர் கையை எதிர்பார்க்கப் பழகிவிட்டால் அடுத்த தலைமுறை வீட்டுச் சமையலறைக்குள் நுழைகிறது. பிறகு அதே மக்கள் கூண்டு வைக்கச் சொல்லி மனுக் கொடுக்கிறார்கள். வளர்த்துச் சலித்த சிவப்புக்காது ஆமையையும் பூனையையும் "காட்டில் நிம்மதியாக இருக்கட்டும்" என்று மதிலுக்கு மேலே விட்டுச் செல்வோரும் உண்டு. அந்த ஆமை குளத்தில் நாட்டு ஆமையோடு போட்டியிடும். பூனை ஓணானையும் தரைப் பறவையையும் தீர்க்கும்.

நீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளங்களைத் தூர்வாருவதும், கோடையில் தொட்டிகளை நிரப்புவதும், அவற்றை நோய் பரவாமல் கழுவுவதும் வழக்கமாக நடப்பவை. தொட்டிகள் கூடக்கூட வறட்சியின் இயல்பான கட்டுப்பாடு தளர்ந்து புள்ளிமான் பெருகும் என்பதையும் சேர்த்து எண்ணியே அவற்றின் எண்ணிக்கையை முடிவுசெய்ய வேண்டும். இரக்கத்துக்காக மட்டும் தொட்டி வைப்பது சரியல்ல.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது கிண்டியிலும் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. விழுந்த மரங்களையெல்லாம் அப்புறப்படுத்திப் புதிதாக நட வேண்டும் என்ற குரல் அப்போது ஓங்கி ஒலித்தது. காட்டில் விழுந்த மரம் வீணான மரம் அல்ல. கரையானும் பூஞ்சையும் மரங்கொத்தியும் உடும்பும் அதை நம்பி வாழும், மட்கினால் மண்ணாகும். பாதையை அடைத்தவற்றையும், கோடையில் தீக்கு வழிவிடக்கூடிய காய்ந்த கிளைக் குவியல்களையும் அகற்றினால் போதுமானது. புயலில் அதிகம் விழுந்தவை வேர் ஆழமில்லாத அயல் மரங்கள் என்பது நகரமெங்கும் தெரிந்தது. தாழ்ந்து நெருங்கி வளரும் நாட்டுப் புதர்க்காடு காற்றுக்கு நன்றாகவே ஈடுகொடுத்தது. மேற்கூரை திறந்து வெளிச்சம் விழுந்த இடங்களில் எது முளைக்கிறது என்று பார்த்து, களையை மட்டும் எடுத்துவிட்டு, நாட்டு இனங்களுக்கு வழிவிடுவது நடுவதைவிட மலிவு, பலனும் உறுதி.

மதில் எல்லாவற்றையும் காக்கிறது என்று தொடக்கத்தில் நீங்கள் கருதியதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. நாயையும் குப்பையையும் ஆக்கிரமிப்பையும் தடுக்கும் அதே மதில்தான் வெளிமானை உள்ளேயே அடைத்தும் வைக்கிறது. வேறெந்த வெளிமான் கூட்டத்தோடும் கிண்டிக்குத் தொடர்பில்லை. சிறிய கூட்டம் தலைமுறை தலைமுறையாகத் தனக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்தால் மரபு வளம் சுருங்கும். நோயோ புயலோ ஒரே ஆண்டில் அதைச் சரித்துவிடலாம். சிங்கப்பூரின் புக்கிட் தீமா இயற்கை வனத்தை நெடுஞ்சாலை ஒன்று அடுத்த காட்டிலிருந்து பிரித்துவிட்டதால், பின்னாளில் அங்கே சாலைக்கு மேல் விலங்குகள் கடக்கும் பசுமைப் பாலம் கட்டினார்கள். கிண்டிக்கு அப்படி இணைக்க அடுத்த காடு அருகில் இல்லை. இருப்பது ஆளுநர் மாளிகை வளாகமும் தொழில்நுட்பக் கழக வளாகமும்தான். அவற்றோடு உள்ள வழிகளைத் திறந்து வைத்து, மூன்று நிர்வாகங்களும் ஒரே நாளில், ஒரே முறையில், இரண்டு மான் இனங்களையும் ஆண், பெண், குட்டி என்று பிரித்துக் கணக்கெடுத்து, புல்வெளியையும் ஒரே திட்டத்தின் கீழ் பராமரித்தால் வெளிமானுக்குக் கிடைக்கும் இடம் கணிசமாகக் கூடும். தேவைப்பட்டால் கோடியக்கரை போன்ற இடத்திலிருந்து சில விலங்குகளைக் கொண்டுவந்து சேர்ப்பது பற்றியும் மரபியல் ஆய்வுக்குப் பிறகு முடிவெடுக்கலாம்.

நீங்கள் சென்னையில் இருந்துகொண்டு உதவ விரும்பினால், கன்று நட அனுமதி கேட்பதைவிட, பருவமழை முடிந்ததும் சீமைக்கருவேல நாற்றுப் பிடுங்கவும் மதிலோரக் குப்பை பொறுக்கவும் தன்னார்வலர்களுக்கு இடமிருக்கிறதா என்று வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் தெருவில் உள்ள நாய்களுக்குக் கருத்தடை முடிந்ததா என்று மாநகராட்சியில் விசாரிப்பதும், கிண்டியிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நீங்கள் வசிப்பவரானால், அந்தக் காட்டுக்குச் செய்யும் நேரடி உதவியே.